கடவுச்சொல்லை யார் பார்க்கலாம்? – ஒரு அறுபது ஆண்டுக் கதை

கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்து கடவுச்சொல்லைத் தட்டும்போது, திரையில் எழுத்துகளுக்குப் பதிலாக கறுப்புப் புள்ளிகள் வரும். பக்கத்தில் நிற்பவர் எட்டிப் பார்த்துவிடக் கூடாதே என்பதற்காக அந்த ஏற்பாடு. ஆனால் உண்மையில் பக்கத்தில் நிற்பவரின் கண்தான் அந்தக் கடவுச்சொல்லுக்கு இருக்கும் ஆபத்துகளிலேயே சிறியது.

என்டர் தட்டிய பிறகு என்ன நடக்கிறது? அது கம்பி வழியாக எங்கோ இருக்கும் ஒரு சர்வருக்குப் போகிறது. அங்கே எல்லாப் பயனர்களின் பெயரும் விவரமும் உள்ள ஒரு பதிவேடு இருக்கிறது. அதைத்தான் கணினித் துறையில் டைரக்டரி என்கிறார்கள். அந்தப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து "ஆமாம், இவர்தான்" என்றோ "இல்லை" என்றோ பதில் வருகிறது.

இங்கேதான் சிக்கல். டைரக்டரி என்பது நாலு பேர் பார்ப்பதற்காகவே உள்ள புத்தகம். கடவுச்சொல் என்பது ஒருவர்கூட பார்க்கக் கூடாத விஷயம். இரண்டையும் ஒரே புத்தகத்தில் எழுதினால்? கடையில் எல்லோரும் புரட்டும் பேரேட்டுக்குள் கல்லாப்பெட்டிச் சாவியைச் செருகி வைத்த மாதிரிதான். கணினி உலகம் இந்தத் தவறைச் செய்தது, திருத்தியது, மறுபடி செய்தது. அந்தக் கதைதான் இது.

முதல் திருட்டு

1961-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையில் சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பு உருவானது. ஒரே பெரிய கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்த வழி செய்த அமைப்பு அது. ஒவ்வொருவர் கோப்பும் தனித்தனியாக இருக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் ஒதுக்கிய நேரம் தனித்தனியாகக் கணக்காக வேண்டும். அதற்காக ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தார்கள். கணினியில் கடவுச்சொல் என்ற பழக்கம் இங்கிருந்துதான் பரவியது. அந்தக் காலத்து டெர்மினல் என்பது தட்டச்சு இயந்திரம் போல காகிதத்தில் அடிப்பது. கடவுச்சொல் தட்டும்போது மட்டும் அச்சு நின்றுவிடும். இன்றைய கறுப்புப் புள்ளிகளின் பாட்டன் அதுதான்.

கண்ணுக்கு மறைத்தாகிவிட்டது. ஆனால் கணினிக்குள்ளே எல்லாக் கடவுச்சொற்களும் ஒரு கோப்பில் அப்படியே, உள்ளது உள்ளபடி எழுதப்பட்டிருந்தன.

1962-ல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம்தான் கணினி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அவர் வேலைக்கு அது போதவில்லை. எந்தக் கோப்பையும் துளை அட்டை மூலம் கேட்டு அச்சிட்டு வாங்கலாம் என்ற வசதி இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு கடவுச்சொல் கோப்பையே அச்சிடக் கேட்டார். மறுநாள் காலை போய், அச்சிட்ட காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவ்வளவுதான்! பூட்டை உடைக்கவில்லை, சங்கேதத்தை அவிழ்க்கவில்லை. அவர் இதை வெளியே சொன்னது பல வருடங்கள் கழித்துத்தான்.

அதே எம்.ஐ.டி.யில் 1960-களின் நடுவில் இன்னொரு கூத்து. நிர்வாகிகள் இருவர் ஒரே நேரத்தில் இரண்டு கோப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். ஒன்று, உள்ளே நுழைபவர்களுக்குக் காட்டும் வரவேற்புச் செய்தி. மற்றொன்று, கடவுச்சொல் கோப்பு. திருத்தும் மென்பொருள் இரண்டுக்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பு வைத்ததால் இரண்டும் இடம் மாறிவிட்டன. அதன்பின் நுழைந்த ஒவ்வொருவருக்கும் வரவேற்புச் செய்திக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் காட்சி தந்தன.

ஒருவழிப் பாதை

இதற்கு விடை இங்கிலாந்திலிருந்து வந்தது. 1960-களின் பிற்பகுதியில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ரோஜர் நீதாம் ஒரு எளிய கேள்வி கேட்டார். கடவுச்சொல்லைச் சரிபார்க்க, அதை வைத்திருக்கத்தான் வேண்டுமா?

கடவுச்சொல்லை ஒரு கணக்கு வழியாக அனுப்பி, கிடைக்கும் விடையை மட்டும் எழுதி வைத்தால் போதும். அந்தக் கணக்கு ஒருவழிக் கணக்காக இருக்க வேண்டும். அரிசியை மாவாக்கலாம், மாவை அரிசியாக்க முடியாது என்பது போல. அடுத்த முறை பயனர் தட்டும் சொல்லையும் அதே கணக்கில் போட்டு, மாவும் மாவும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் ஆயிற்று. இந்த மாவைத்தான் இப்போது ஹாஷ் என்கிறோம்.

பெல் ஆய்வகத்தில் பிறந்த யூனிக்ஸ் இந்த முறையைப் பின்பற்றியது. ராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் இருவரும் 1979-ல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. முதலில் அவர்கள் பயன்படுத்திய கணக்கு மிக வேகமாக ஓடியது. வேகம் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் திருடனுக்கும் அதே வேகம்தானே? ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான சொற்களை அரைத்துப் பார்த்துவிடுவான். அதனால் வேண்டுமென்றே மெதுவான ஒரு கணக்கை, 25 முறை திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார்கள்.

கூடவே 'உப்பு' என்று ஒன்றையும் சேர்த்தார்கள். ஒவ்வொரு கடவுச்சொல்லோடும் 4096 வகைகளில் ஒரு வகை உப்பு கலக்கும். இருவர் ஒரே கடவுச்சொல் வைத்திருந்தாலும் பெரும்பாலும் ஹாஷ் வேறு வேறாக இருக்கும். ஒருமுறை அகராதி முழுவதையும் அரைத்து வைத்துக்கொண்டு எல்லாக் கணினியிலும் பயன்படுத்தலாம் என்ற திருடனின் கனவில் அந்த உப்பு விழுந்தது.

அந்தக் கட்டுரையில் ஒரு கணக்கும் இருந்தது. பயனர்களின் 3,289 கடவுச்சொற்களைச் சேகரித்துப் பார்த்தார்கள். 15 பேர் ஒரே ஒரு எழுத்தைக் கடவுச்சொல்லாக வைத்திருந்தார்கள். 72 பேர் இரண்டு எழுத்து, 464 பேர் மூன்று எழுத்து. எளிதில் ஊகிக்கக் கூடியவை எல்லாவற்றையும் கூட்டினால் 2,831. அதாவது 86 சதவீதம்!

எல்லோரும் படிக்கலாம்

இவ்வளவு செய்த யூனிக்ஸ் ஒரு விஷயத்தைத் திறந்தே விட்டது. ஹாஷ் இருந்த கோப்பை அந்தக் கணினியில் கணக்கு வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

ஏன்? அந்தக் கோப்பில் கடவுச்சொல் மட்டும் இல்லை. பயனரின் பெயர், எண், வீட்டு அடைவு எல்லாம் ஒரே வரியில் வரிசையாக இருந்தன. ஒரு கோப்பு யாருடையது என்று காட்டக்கூட எண்ணைப் பெயராக மாற்ற வேண்டும், அதற்கு அந்தப் பதிவேடு வேண்டும். ஆகவே எல்லோருக்கும் திறந்து வைத்தார்கள். ஹாஷ்தானே, அதை வைத்து என்ன செய்துவிட முடியும் என்று நினைத்தார்கள்.

1970-களின் கணினிகளுக்கு அது சரியான கணக்கு. ஆனால் கணினிகள் வேகமாகிக்கொண்டே போயின. எழுதி வைத்த ஹாஷ் மட்டும் அப்படியேதான் இருந்தது. இதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி 2019-ல் கிடைத்தது. பழைய யூனிக்ஸ் தொகுப்பு ஒன்றில் தங்கிவிட்ட கடவுச்சொல் கோப்பை ஆர்வலர்கள் சிலர் உடைத்துப் பார்த்தார்கள். ஸ்டீபன் போர்ன் தன் குடும்பப் பெயரையே வைத்திருந்தார். பின்னாளில் கூகுளின் தலைவரான எரிக் ஷ்மிட், மனைவியின் பெயரும் மூன்று ஆச்சரியக்குறியும். கென் தாம்சனுடையது மட்டும் லேசில் மசியவில்லை. நவீன கிராபிக்ஸ் அட்டையில் நான்கு நாட்களுக்கு மேல் ஓட்டிய பிறகு விடை வந்தது. அது ஒரு சதுரங்க ஆட்டத்தின் தொடக்கம். ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்துவது!

மஞ்சள் பக்கங்கள்

1980-களில் ஒரு பெரிய கணினிக்குப் பதில் பல சிறிய கணினிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் தனித்தனிப் பதிவேடு என்றால் நிர்வாகியின் பாடு திண்டாட்டம். புதிதாக ஒருவர் சேர்ந்தால் ஐம்பது கணினிகளில் எழுத வேண்டும்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1980-களின் நடுவில் இதற்கு வழி செய்தது. பதிவேட்டை ஒரு சர்வரில் வை, மற்ற கணினிகள் நெட்வொர்க் வழியாகக் கேட்டுக்கொள்ளட்டும். அதற்கு வைத்த பெயர் 'யெல்லோ பேஜஸ்'. தொலைபேசி டைரக்டரியின் மஞ்சள் பக்கங்கள்! பிரிட்டனில் அந்தப் பெயர் பிரிட்டிஷ் டெலிகாம் நிறுவனத்தின் வணிகச் சின்னம் என்பதால், பின்னர் 'என்.ஐ.எஸ்.' என்று மாற்ற வேண்டியதாயிற்று.

பெயர் மாறியது, குணம் மாறவில்லை. தொலைபேசி டைரக்டரி போலவே யார் கேட்டாலும் அது பதில் சொன்னது. ஒரே ஒரு கட்டளை தட்டினால் நிறுவனம் முழுவதன் பயனர் பட்டியலும், ஒவ்வொருவரின் ஹாஷோடு சேர்ந்து, திரையில் வந்து கொட்டும். முன்பு ஒரு கணினியில் கணக்கு உள்ளவருக்கு மட்டும் தெரிந்தது, இப்போது நெட்வொர்க்கில் உள்ள எல்லோருக்கும் தெரிந்தது.

ஹாஷை மட்டும் பிரித்து, ரூட் எனப்படும் தலைமை நிர்வாகி மட்டும் படிக்கும் தனிக் கோப்பில் வைக்கும் முறை 1980-களின் பிற்பகுதியில் பரவத் தொடங்கியது. இதற்கு 'நிழல் கோப்பு' என்று பெயர். ஒரு கணினிக்குள் இது நல்ல தீர்வு. நெட்வொர்க்கில் அப்படி இல்லை. யாராவது தன் சொந்தக் கணினியைக் கொண்டுவந்து கம்பியில் செருகினால், அந்தக் கணினியில் அவர்தானே ரூட்! "நான் ரூட், அந்தப் பட்டியலைக் கொடு" என்று அவர் கேட்டால் சர்வர் எப்படி மறுக்கும்?

அப்பாவும் மகனும்

1988 நவம்பர் 2. இன்டர்நெட்டில் ஒரு புழு நிரல் பரவத் தொடங்கியது. சுமார் 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டதாக அப்போது மதிப்பிட்டார்கள். அது பரவிய வழிகளில் ஒன்று கடவுச்சொல்லை ஊகிப்பது. திறந்து கிடந்த கடவுச்சொல் கோப்பைப் படிக்கும். முதலில் பயனரின் பெயரையே போட்டுப் பார்க்கும், திருப்பிப் போட்டுப் பார்க்கும். பிறகு தன்னோடு கொண்டுவந்த 432 சொற்களைப் போட்டுப் பார்க்கும். அதற்கும் சிக்காவிட்டால் அந்தக் கணினியிலேயே இருக்கும் அகராதியை எடுத்துக்கொள்ளும்.

அதை எழுதியவர் ராபர்ட் டப்பன் மோரிஸ் என்ற மாணவர். 1979-ல் அந்தக் கட்டுரையை எழுதிய ராபர்ட் மோரிஸின் மகன்! எளிய கடவுச்சொல் ஆபத்து என்று அப்பா காகிதத்தில் எழுதியதை ஒன்பது ஆண்டுகள் கழித்து மகன் ஊரறிய நிரூபித்துவிட்டார். மகனுக்கு மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேர சமூக சேவை, 10,050 டாலர் அபராதம் என்று 1990-ல் தண்டனை கிடைத்தது.

மூன்று தலை நாய்

இதற்குள் எம்.ஐ.டி.யில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. 1983-ல் தொடங்கிய அதீனா திட்டத்தில் மாணவர்களுக்காக வளாகம் முழுவதும் கணினிகள் வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். ஆகவே எந்தக் கணினியையும் நம்ப முடியாது, கம்பியையும் நம்ப முடியாது. மாணவர்களுக்கா ஒட்டுக்கேட்கத் தெரியாது?

அதீனா குழு செய்த காரியம்தான் இந்தக் கதையின் உச்சம். பதிவேட்டை இரண்டாகப் பிரித்தார்கள். பெயர், எண், வீட்டு அடைவு போன்ற விவரங்கள் ஹீசியட் என்ற டைரக்டரியில். கேட்டவருக்கெல்லாம் பதில் சொல்லும். அதில் கடவுச்சொல்லே கிடையாது. கடவுச்சொல் சம்பந்தப்பட்டது முழுவதும் கெர்பரோஸ் என்ற வேறு சர்வரிடம். கிரேக்கப் புராணத்தில் பாதாள உலக வாசலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர் அது. காசாளர் வேறு, கணக்கெழுதுபவர் வேறு என்று வணிகவியல் மாணவர்கள் முதலாண்டிலேயே படிக்கும் பாடம்தான்!

கெர்பரோஸில் கடவுச்சொல் கம்பியில் போவதே இல்லை. பயனர் தன் பெயரை மட்டும் அனுப்புவார். அவருடைய கடவுச்சொல்லால்தான் திறக்க முடியும் என்ற வகையில் பூட்டிய ஒரு பொட்டலத்தை சர்வர் திருப்பி அனுப்பும். பயனர் தன் கணினியிலேயே கடவுச்சொல்லைத் தட்டிப் பொட்டலத்தைத் திறந்தால் உள்ளே டிக்கெட் இருக்கும். அதன்பின் எங்கே போனாலும் டிக்கெட்டைக் காட்டினால் போதும். டிக்கெட்டுக்குக் காலாவதி உண்டு, ஆகவே திருடினாலும் ரொம்ப நாள் செல்லாது.

ஓட்டை இல்லாமல் இல்லை. யாருடைய பெயரைச் சொன்னாலும் பொட்டலம் வந்துவிடும். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு சொல்லாகப் போட்டுத் திறந்து பார்க்கலாம். 1993-ல் வெளியான ஐந்தாம் பதிப்பில், பொட்டலம் கேட்கும்போதே கடவுச்சொல் தெரியும் என்று காட்டும் முறையைச் சேர்த்தார்கள்.

கம்பியைப் பற்றிய பயம் வீண் இல்லை என்று சீக்கிரமே தெரிந்தது. 1994 பிப்ரவரியில் அமெரிக்காவின் செர்ட் அமைப்பு ஒரு எச்சரிக்கை விட்டது. நெட்வொர்க்கை ஒட்டுக்கேட்கும் நிரல்கள் மூலம் பல்லாயிரம் கணினிகளின் கடவுச்சொற்கள் திருடு போயிருக்கின்றன என்றது. அடுத்த ஆண்டு பின்லாந்தில், ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இப்படியொரு திருட்டு நடந்த பிறகுதான் டாட்டு யிலோனன் எஸ்.எஸ்.எச். என்ற பாதுகாப்பான இணைப்பு முறையை எழுதினார்.

எளிமை தந்த வினை

இவ்வளவுக்குப் பிறகும் கதை முடியவில்லை. உலகம் முழுவதற்கும் பொதுவான டைரக்டரி வேண்டும் என்று 1988-ல் எக்ஸ்.500 என்ற தரநிலை வந்தது. சாதாரணக் கணினிகளுக்கு அது மிகக் கனமாக இருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டிம் ஹோவ்ஸ் உள்ளிட்டோர் அதன் எளிய வடிவத்தை 1993-ல் வெளியிட்டார்கள். அதுதான் எல்டேப். இன்று நிறுவனங்களின் மின்னஞ்சல், வைஃபை, கோப்பு சர்வர் என்று பலவற்றின் பின்னால் இருப்பது இதுவே.

எல்டேப் முகவரிப் புத்தகமாகப் பிறந்தது. ஆனால் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் சரிபார்த்துச் சொல்லும் வசதியும் அதில் இருந்தது. நிர்வாகிகள் அதையே வாயிற்காவலனாகவும் ஆக்கிவிட்டார்கள். 1998-ல் என்.ஐ.எஸ். பதிவேட்டை எல்டேப்புக்கு மாற்றும் முறையும் வெளியானது. பேரேடும் சாவியும் மறுபடி ஒன்றாகச் சேர்ந்தன.

விளைவுகள் மூன்று. ஒன்று, எல்டேப்பின் சாதாரண நுழைவு முறையில் கடவுச்சொல் எந்த மறைப்பும் இல்லாமல் கம்பியில் போகும். இணைப்பையே பூட்டினால் ஒழிய, ஒட்டுக்கேட்பவருக்கு அது திறந்த தபால் அட்டை. இரண்டு, டைரக்டரியில் எதை யார் பார்க்கலாம் என்ற விதியை நிர்வாகி ஒழுங்காக எழுதாவிட்டால், அடையாளம் சொல்லாமல் வருபவர்கூட ஹாஷ்களைப் பார்க்க முடியும். மூன்றாவது ஏமாற்று வேலை போன்றது. டைரக்டரியிலிருந்து விவரங்களைக் கோப்பாக எடுத்தால் கடவுச்சொல் இருக்கும் இடத்தில் புரியாத எழுத்துகளாக வரும். பார்ப்பவர் "நல்லவேளை, மறைத்திருக்கிறார்கள்" என்று நினைப்பார். அது மறைப்பே இல்லை. பேஸ்64 என்ற வேறு எழுத்து முறை, அவ்வளவுதான். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவது போல. யார் வேண்டுமானாலும் ஒரு நொடியில் திருப்பிவிடலாம்.

பூட்டும் சாவியும் ஒரே கடையில்

மைக்ரோசாஃப்ட் 2000-ல் வெளியிட்ட ஆக்டிவ் டைரக்டரி, எல்டேப்பையும் கெர்பரோஸையும் ஒன்றாக இணைத்தது. ஒரு நல்ல காரியமும் செய்தது. கடவுச்சொல் பகுதியில் எழுத மட்டுமே முடியும், தலைமை நிர்வாகியே கேட்டாலும் எல்டேப் வழியாகப் படிக்க முடியாது. எழுதுவதற்கும் இணைப்பு பூட்டியிருக்க வேண்டும்.

பழைய பழக்கம் வேறு வழியில் எட்டிப் பார்த்தது. விண்டோஸ் சர்வர் 2008-ல் ஒரு வசதி வந்தது. நூற்றுக்கணக்கான கணினிகளின் நிர்வாகிக் கடவுச்சொல்லை ஒரே இடத்திலிருந்து அமைக்கலாம். அந்தக் கடவுச்சொல் பூட்டிய நிலையில் ஒரு கோப்பில் இருக்கும். அந்தக் கோப்போ, நிறுவனத்தில் கணக்கு உள்ள கடைநிலை ஊழியர் முதல் எல்லோரும் படிக்கக்கூடிய பொது அடைவில் இருந்தது. பூட்டு வலுவானது. ஆனால் எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே சாவி. அந்தச் சாவியும் மைக்ரோசாஃப்டின் சொந்த ஆவணத்திலேயே அச்சாகியிருந்தது!

2014 மே மாதம் இந்த வசதியை நீக்கும் திருத்தம் வந்தது. ஆனால் ஏற்கெனவே எழுதப்பட்ட கோப்புகளை அது அழிக்கவில்லை. நிர்வாகிகள்தான் தேடிப்பிடித்து அழிக்க வேண்டும். 1962-ல் ஆலன் ஷெர் செய்ததற்கும், இந்தக் கோப்பைத் திறந்து பார்ப்பதற்கும் என்ன வித்தியாசம்? காகிதம் போய்த் திரை வந்திருக்கிறது.

முடிவாக

இந்த அறுபது ஆண்டுகளில் ஒவ்வொரு தவறும் முட்டாள்தனத்தால் நடந்ததில்லை. எல்லாம் வசதிக்காகச் செய்தவை. பெயர்களைக் காட்ட வேண்டும், எல்லாக் கணினிக்கும் ஒரே பதிவேடு வேண்டும், நிர்வாகியின் வேலை குறைய வேண்டும். எல்லாம் நியாயமான தேவைகளே. ஆனால் ஒவ்வொரு முறையும் வசதியான புத்தகம் ஒன்று உருவானதும், "இதிலேயே கடவுச்சொல்லையும் எழுதிவிடலாமே" என்று யாராவது நினைத்தார்கள்.

கடைசியாக வந்திருக்கும் வழி, ரகசியத்தை சர்வரிடம் கொடுக்காமலே இருப்பது. 2019-ல் தரநிலையான வெப்ஆதன் முறையில் ரகசியச் சாவி பயனரின் பக்கமே, அவருடைய கைபேசி போன்ற கருவிகளில் இருக்கும். சர்வரிடம் இருப்பது அதன் பொதுச் சாவி மட்டும். அந்தப் பதிவேட்டை யார் படித்தாலும், அச்சிட்டு வீட்டுக்கே கொண்டுபோனாலும், அதை வைத்து உள்ளே நுழைய முடியாது. டைரக்டரி மறுபடி வெறும் டைரக்டரி ஆகிறது.

அது எல்லா இடத்துக்கும் வந்து சேரும்வரை, ஒவ்வொரு அலுவலகத்திலும் கல்லூரியிலும் ஒரு நிர்வாகி கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான். கறுப்புப் புள்ளிகளுக்குப் பின்னால், இந்தச் சொல்லை வேறு யார் யார் பார்க்க முடியும்?